செயலியில் ஓர் அஞ்சலி: சந்தாதாரர் ஒருவரின் மதிப்புரை

பாட்டுச் செயலி ஒன்றை மதிப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஒலித்தரம், பாடல்களின் எண்ணிக்கை, விளம்பரத் தொல்லை, சந்தாத் தொகை ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். பல ஆண்டுகளாக ஒரே செயலிக்குச் சந்தா கட்டிவரும் நான் அதை வேறொரு சந்தர்ப்பத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஓர் இசைக்கலைஞர் இறந்த செய்தி வந்த அன்றும், அதை அடுத்த வாரங்களிலும் அந்தச் செயலி நமக்கு என்ன செய்து தருகிறது என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி. அவரை நினைவில் வைத்திருக்க உதவுவதாக எந்தச் செயலியும் வாக்குக் கொடுத்துச் சந்தா வாங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மரணச் செய்தியைப் படித்து முடித்த கை, பெரும்பாலானவர்களுக்கு, அடுத்ததாகப் போவது அங்கேதான். நான் குறையாகச் சொல்லும் பலவும் இந்தத் துறை முழுவதிலும் காணப்படுபவை என்பதால், நான் பயன்படுத்தும் செயலியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில், வேகம். இறப்புச் செய்தி உறுதியான சில மணி நேரத்திற்குள் முகப்புப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும், பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும், அவற்றின் கீழே முப்பது நாற்பது பாடல்கள் கொண்ட ஓர் அஞ்சலிப் பட்டியலும் வந்துவிடுகின்றன. இந்த வேகத்தில் பதற்றம் இல்லாமல் இருப்பதைப் பாராட்டியே ஆகவேண்டும். 2024 டிசம்பர் 15 அன்று தபலா மேதை ஜாகிர் உசேன் மறைந்துவிட்டதாகச் செய்திகள் பரவின, குடும்பத்தார் மறுத்தார்கள், அஞ்சலி எழுதியவர்கள் அவசர அவசரமாக அதை நீக்கினார்கள், மறுநாள்தான் குடும்பத்தாரின் அறிக்கை வந்தது. அந்த இடைப்பட்ட நேரத்தில் அவர் பக்கத்தை நான் பலமுறை திறந்து பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லாமல், வழக்கமான வண்ணப் படத்துடனேயே அது இருந்தது. செய்தியறைகள் காட்டத் தவறிய நிதானத்தை ஒரு செயலி காட்டியது என்பதைப் பதிவுசெய்கிறேன்.

பட்டியலுக்குள் நுழைந்ததும் சிக்கல் தொடங்குகிறது. அதன் வரிசையைத் தீர்மானிப்பது, கேட்டவர்களின் எண்ணிக்கையாகவே தெரிகிறது. ஏற்கெனவே அதிகம் கேட்கப்பட்ட பாட்டு முதலில் நிற்கும். முதலில் நிற்பதால் அதையே எல்லோரும் மேலும் கேட்பார்கள். ஒரு வாரத்தில் மற்ற பாட்டுகள் எல்லாம் அதன் நிழலில் மறைந்துவிடும். ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் 2023 ஜூலை 26 அன்று தமது 56ஆம் வயதில் மறைந்தபோது நான் கண்டது இதைத்தான். 1987 முதல் 2014 வரை பத்து ஆல்பங்கள் வெளியிட்டவர் அவர். 1990இல் அவரை உலகறியச் செய்ததோ அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் எழுதிய ஒரு பாட்டு. அஞ்சலிப் பட்டியல் அந்தப் பாட்டில் தொடங்கி, பெரும்பாலும் முதல் இரண்டு ஆல்பங்களைச் சுற்றி வந்து, ஒரு நேரடி மேடைப் பதிவாக மீண்டும் அதே பாட்டில் போய் நின்றது. இருபத்தேழு ஆண்டு உழைப்பை இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருக்கிவிட்டு அதற்கு 'முழுப் பயணம்' என்று தலைப்பும் கொடுத்திருந்தார்கள்.

யாருக்கு முகப்புப் பக்கம், யாருக்கு இல்லை என்பதையும் இதே கணக்குதான் தீர்மானிக்கிறதுபோலும். 2025 ஜூலை 22 அன்று ஆங்கிலேய ராக் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் மறைந்தார். அதற்குப் பதினேழு நாட்கள் முன்புதான், ஜூலை 5 அன்று, தாம் பிறந்து வளர்ந்த பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில், நிற்க முடியாத நிலையில், கறுப்பு அரியணையில் அமர்ந்தபடியே விடைபெறும் கச்சேரியை நடத்தி முடித்திருந்தார். எனவே செயலி முழுவதும் அவரே நிறைந்திருந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அதே ஜூலை 22 அன்று, ஃபுளூகல்ஹார்ன் என்னும் ஊதுகருவியை வாசித்த சக் மேன்ஜோனியும் தமது 84ஆம் வயதில் மறைந்தார். 1970களின் இறுதியில், பாடகரே இல்லாத வாத்திய இசையை அமெரிக்க வானொலிகள் ஓயாமல் ஒலிபரப்பும்படி செய்தவர். அவருடைய பக்கத்தில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தது. மறைந்த ஆண்டைச் சேர்க்கப் பல நாட்கள் ஆயின. அவரைத் தேடிப் போனவர்களுக்கு மட்டுமாவது அந்த நான்கு இலக்கங்களைக் காட்டியிருக்கலாம்.

இவையெல்லாம் சிறிய குறைகள். என் பெரிய குறையை அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸைக் கொண்டு விளக்குவது எளிது. 2024 நவம்பர் 3 அன்று 91 வயதில் அவர் மறைந்த செய்தியைப் பார்த்ததும் செயலியில் அவர் பெயரைத் தட்டினேன். அவர் தம் பெயரிலேயே வெளியிட்ட ஜாஸ் ஆல்பங்களும், சில திரையிசைத் தொகுப்புகளும், பிற்காலத்தில் பல பாடகர்களைச் சேர்த்துச் செய்த ஆல்பங்களும் வந்தன. அவை நல்ல இசைதான். ஆனால் குயின்சி ஜோன்ஸ் என்றதும் உலகம் நினைக்கும் எதுவும் அங்கே இல்லை. 1979, 1982, 1987 ஆகிய ஆண்டுகளில் மைக்கேல் ஜாக்சனுக்காக அவர் தயாரித்த மூன்று ஆல்பங்களும் மைக்கேல் ஜாக்சன் பக்கத்தில் இருக்கின்றன. 1964இல் கவுண்ட் பேஸியின் வாத்தியக் குழு இசைக்க, ஃபிராங்க் சினாட்ரா பாட, குயின்சி இசைக்கோவை அமைத்து நடத்திய ஆல்பம் சினாட்ராவின் பக்கத்தில் இருக்கிறது. பஞ்ச நிவாரணத்துக்காக 1985இல் அமெரிக்காவின் முன்னணிப் பாடகர்களை ஓர் இரவில் ஓரறையில் நிறுத்தி அவர் பதிவுசெய்த பாட்டு, ஒரு கூட்டுப் பெயரின் கீழ் எங்கோ இருக்கிறது. மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் திருமணப் படம் எடுத்த கதையாக, அவர் பக்கத்தில் அவருடைய வாழ்க்கை இல்லை.

இது ஓர் ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று நான் கருதவில்லை. செயலியின் அமைப்பே அப்படி. ஒரு பாட்டுக்கு 'முதன்மைக் கலைஞர்' என்று யாரைக் குறித்திருக்கிறார்களோ அவர் பக்கத்தில்தான் அந்தப் பாட்டு நிற்கும். தயாரித்தவர், இசைக்கோவை அமைத்தவர், வாசித்தவர், பதிவுசெய்தவர், எழுதியவர் ஆகிய எல்லோரும் மூன்று புள்ளிகளைத் தட்டி, கீழே இழுத்து, 'பங்களித்தோர்' என்ற வரியைத் தட்டினால் மட்டும் தெரியும் ஒரு சிறிய பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். அந்தப் பெட்டியிலும் எழுதியவர் பெயரும் தயாரித்தவர் பெயரும் ஓரளவுக்கு ஒழுங்காக இருக்கும். வாசித்தவர் பெயர்கள் இருந்தால் அதிர்ஷ்டம். இருக்கும் பெயர்களைத் தட்டினாலும் பல நேரம் எதுவும் திறப்பதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் 1963 முதல் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தபோது, அவர் பெயரைத் தட்டியவர்களுக்கு அவர் ஓய்வு நேரத்தில் நடத்திய ஜாஸ் குழுவின் பதிவுகளே கிடைத்தன. அவற்றை நான் முதல்முறையாக அன்றுதான் கேட்டேன் என்பதால், இந்த ஒரு தவற்றுக்கு நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பக்கவாத்தியம் என்பது உயிர்நாடியாக விளங்கும் இசை மரபுகளுக்கு இந்த அமைப்பு இழைக்கும் அநீதி இன்னும் பெரிது. ஜாகிர் உசேன் எத்தனையோ பதிவுகளுக்கு வாசித்தவர். அவற்றுள் பெரும் பகுதி சிதார், சந்தூர், புல்லாங்குழல் வாசித்தவர்களின் பெயரில் வெளியானது. சந்தூர் வித்துவான் சிவகுமார் சர்மாவும் அவரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்டு வாசித்தார்கள் என்பது அந்தப் பதிவுகளில் இருக்கிறது. 2022 மே மாதம் சிவகுமார் சர்மா மறைந்தபோது பாடையைச் சுமந்தவர்களுள் ஜாகிர் உசேனும் ஒருவர். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் செயலியில் ஜாகிர் உசேனின் பெயரிலிருந்து சிவகுமார் சர்மாவின் ஆல்பங்களுக்குப் போக நேர்வழி கிடையாது. அஞ்சலிப் பட்டியலில் இருந்தவை அவருடைய தனி ஆவர்த்தனங்களும், மேலை நாட்டுக் கலைஞர்களுடன் செய்த கலப்பிசைப் பதிவுகளும்தான். இன்னொருவரின் ஆலாபனை முடியும்வரை கை கட்டிக் காத்திருந்து, தாளத்தோடு வாசிக்கும் 'கத்' என்னும் பகுதி தொடங்கும் இடத்தில் முதல் தட்டைப் போடும் ஜாகிர் உசேனை அந்தப் பட்டியலைக் கேட்கும் ஒருவர் அறியவே மாட்டார். அவரைத் தெரிந்துகொள்ள அந்த முதல் தட்டைவிடச் சிறந்த இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

பதிவுக்கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர்களின் நிலையும் இதுவே. ராக் குழுக்களின் ஆல்பங்களைப் பதிவுசெய்துவந்த அமெரிக்கர் ஸ்டீவ் ஆல்பினி 2024 மே 7 அன்று 61 வயதில் மாரடைப்பால் இறந்தார். தம்மைத் 'தயாரிப்பாளர்' என்று உறையில் அச்சிடக் கூடாது, 'பதிவுசெய்தவர்' என்று போட்டால் போதும் என்பதில் உறுதியாக இருந்தவர். குழுக்களிடம் வேலைக்குக் கூலி வாங்கினாரே தவிர, விற்பனையில் பங்குத்தொகை வாங்க மறுத்தவர். நான் தேடிப் பார்த்த ஆல்பம் ஒன்றில் செயலி அவரைத் 'தயாரிப்பாளர்' என்றே குறித்திருந்தது. அதற்கென இருக்கும் பெட்டியில் 'பதிவுசெய்தவர்' என்ற வகையே இல்லை என்பதால், வாழ்நாள் முழுவதும் வேண்டாம் என்று சொன்ன பட்டத்தை இறந்த பிறகு அவர் ஏற்கவேண்டியதாயிற்று. பாட்டு எழுதியவர்களைப் பற்றி நீட்டி எழுதவேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் மறைந்த கிரிஸ் கிரிஸ்டோஃபர்சன் எழுதிய மிகப் புகழ்பெற்ற பாட்டை, பாடகி ஜானிஸ் ஜாப்ளின் தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பதிவுசெய்தார். அதை ஜாப்ளின் குரலில் கேட்க விரும்புகிறவர் ஜாப்ளின் பக்கத்துக்குத்தான் போகவேண்டும். போகவேண்டும் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

பெயர் எழுதும் முறையால் வரும் குழப்பம் தனி ரகம். வாணி ஜெயராம் 2023 பிப்ரவரி 4 அன்று மறைந்தார். பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மூன்று முறை தேசிய விருது பெற்ற அவருடைய பாடல்கள் பல மொழிகளில் பரவிக்கிடக்கின்றன. ஒவ்வொரு மொழியிலும் இசைத்தட்டு நிறுவனங்கள் அவர் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பதால், செயலியில் அவர் ஒருவராக இல்லை. 'ஜெயராம்' என்பதன் எழுத்துக் கூட்டலில் ஓரெழுத்து மாறினால் இன்னொரு பக்கம். முன்னெழுத்து சேர்ந்தால் மூன்றாவது பக்கம். அஞ்சலிப் பட்டியலைத் தயாரித்தவர் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார் என்பது அதில் இருந்த மொழிகளைப் பார்த்ததுமே புரிந்தது. இதைச் சுட்டிக்காட்டி நான் அனுப்பிய கடிதத்துக்கு, என் கருத்து மதிப்புமிக்கது என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. பக்கங்கள் இன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன.

ஒலித்தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு ரியூச்சி சகமோட்டோவே பொருத்தமானவர். ஜப்பானிய இசையமைப்பாளரான அவர் 2023 மார்ச் 28 அன்று மறைந்தார். அதே ஆண்டு ஜனவரி 17 அன்று, தமது 71ஆம் பிறந்த நாளில், '12' என்ற கடைசி ஆல்பத்தை வெளியிட்டிருந்தார். பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்றுக்குப் பின், நாட்குறிப்பு எழுதுவதுபோல் அவ்வப்போது பதிவுசெய்த பன்னிரண்டு துண்டுகள் அவை; ஒவ்வொன்றின் தலைப்பும் அது பதிவான தேதி. முதல் துண்டின் பெயர் '20210310'. செயலியின் பட்டியலில் இதைப் பார்க்கும் ஒருவர், யாரோ கோப்பின் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள் என்றே நினைப்பார். 2021 மார்ச் 10 என்று விளக்க ஒரு வரிக் குறிப்புக்கூட இல்லை. அதைவிட மோசமானது, எல்லாப் பாட்டுகளின் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வசதி தானாகவே இயங்குவது. அந்த ஆல்பத்தில் பியானோ ஒலிகளுக்கு நடுவே அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்கும். நோயுற்ற ஒருவரின் மூச்சு அது. அதைத் தொலைவில், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டும். செயலியோ, மெல்லிய பதிவு என்று கண்டதும் அதை உயர்த்தி, முன்னால் ஒலித்த திரையிசையின் உரப்புக்கு இணையாகக் காதருகே கொண்டுவந்து வைத்துவிட்டது.

இத்தனைக்கும் சகமோட்டோ, பாடல்களை வரிசைப்படுத்துவதில் அக்கறை கொண்டிருந்த மனிதர். நியூயார்க்கில் தாம் விரும்பிச் சென்ற உணவகத்தில் ஒலித்த பின்னணி இசை பொறுக்காமல், தாமே அதற்கு ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தவர். தம் இறுதிச்சடங்கில் ஒலிப்பதற்காகவும் 33 துண்டுகளைத் தேர்ந்து வைத்துவிட்டுப் போனார். அவர் மறைந்த பின் அவருடைய அலுவலகத்தார் அதைப் பொதுவில் வெளியிட்டார்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் பிறருடைய இசை. செயலியில் அந்தப் பட்டியலைத் திறந்து, வரிசைப்படி கேட்கத் தொடங்கினேன். இரண்டாவது துண்டு முடிந்ததும் எட்டாவது வந்தது. சந்தா கட்டியவர்களுக்கும் 'ஷஃபிள்' என்னும் கலைத்துப்போடும் வசதி முன்கூட்டியே இயங்கும்படி வைத்திருக்கிறார்கள். பச்சைக் குறியைக் கவனித்து அணைத்தால்தான் ஆயிற்று. ஒரு மனிதர் தம் பிணத்தின் முன் எது முதலில், எது பிறகு என்று யோசித்து அடுக்கிய வரிசையைச் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைப்பது, தெரியாமல் நடந்ததென்றாலும் மரியாதைக் குறைவுதான்.

ஆகவே அஞ்சலிக்காகச் செயலியைத் திறப்பவர்கள் பாட்டைத் தட்டும் முன் அமைப்புகள் பக்கத்துக்குச் சென்று சில வசதிகளை அணைத்துவிடுவது நல்லது. சத்தத்தைச் சமப்படுத்துவது, கலைத்துப்போடுவது, ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் பின்னிவிடுவது, பட்டியல் முடிந்ததும் தானாக வேறெதையோ தொடங்குவது ஆகிய நான்கும் ஒழியவேண்டும். கடைசியாகச் சொன்னது மிக அவசியம். பட்டியலின் இறுதிப் பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் எதுவும் ஒலிக்காமல் இருக்கவேண்டும் என்று நினைப்பவருக்கு, நடனப் பாட்டின் தாளம் திடீரென்று தொடங்குவதைவிட எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை.

செயலி மிகச் சிறப்பாகச் செய்வதையும் சொல்லவேண்டும். குறைவாகப் படைத்தவர்களை நினைவுகூர அதைவிட வசதியான கருவி கிடையாது. அமெரிக்கப் பாடகர் டி'ஏஞ்சலோ 2025 அக்டோபர் 14 அன்று 51 வயதில் மறைந்தார். 1995, 2000, 2014 என்று அவர் வெளியிட்டவை மூன்றே ஸ்டூடியோ ஆல்பங்கள். ஒரு பிற்பகலில் மூன்றையும் வரிசையாகக் கேட்டு முடிக்கும்போது, இருபது வயதுப் பையனின் குரல் எங்கே தடித்தது, சொற்கள் எங்கே வேண்டுமென்றே மங்கலாயின என்பதெல்லாம் காதில் விழுந்துவிடுகிறது. அதேபோல, 2025 ஜூன் 9 அன்று ஃபங்க் இசைக்கலைஞர் ஸ்லை ஸ்டோனும் 11 அன்று பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனும், இருவருமே 82 வயதில், மறைந்தார்கள். ஒரே தலைமுறையில், ஒரே கலிஃபோர்னியாவிலிருந்து எழுந்த இருவேறு இசைகளை அடுத்தடுத்துக் கேட்க வாய்த்த அந்த வாரத்தில், செயலிக்குக் கட்டிய பணம் வீண்போகவில்லை என்று நினைத்தேன். வீட்டில் இசைத்தட்டு வைத்திருப்பவர்களிடம்கூட இரண்டும் ஒருங்கே இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் எல்லாமே செயலியில் கிடைக்கும் என்ற எண்ணம் தவறு. டி லா சோல் என்ற ஹிப்-ஹாப் குழுவின் டேவிட் ஜோலிகூர் 2023 பிப்ரவரி 12 அன்று மறைந்தார். 1989இல் வெளியான அவர்களுடைய முதல் ஆல்பம், பிறருடைய பதிவுகளிலிருந்து எடுத்துக் கோத்த ஒலித்துண்டுகளால் ஆனது. அவற்றின் உரிமைச் சிக்கலால் அதுவும் அடுத்து வந்தவையும் செயலிகளில் நீண்ட காலம் இடம்பெறவே இல்லை. ஒருவழியாக எல்லாம் தீர்ந்து 2023 மார்ச் 3 அன்று அவை செயலிகளுக்கு வந்தன. அவர் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இறந்த அன்று அவருடைய மிக முக்கியமான வேலையை எந்தச் செயலியிலும் சந்தாதாரர்களால் கேட்க முடியவில்லை; பழைய ஒலிநாடாவைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து நடப்பவற்றைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. காலையில் கைப்பேசியைக் கையில் எடுத்தால், 'நீங்கள் பின்தொடரும் கலைஞரின் புதிய வெளியீடு' என்று ஓர் அறிவிப்பு. அந்தக் கலைஞர் இறந்து ஓராண்டாகிறது. திறந்து பார்த்தால் பழைய பாட்டையே யாரோ வேகம் கூட்டி, தாளம் மாற்றி வெளியிட்டிருப்பார்கள். இதுவாவது பரவாயில்லை. 1989இல் கொல்லப்பட்ட அமெரிக்க நாட்டுப்புற இசைக்கலைஞர் பிளேஸ் ஃபோலியின் பக்கத்தில், 2025இல், இயந்திரத்தால் உருவாக்கப்பட்ட பாட்டு ஒன்று அவர் பெயரிலேயே ஏறியிருந்தது. விஷயம் வெளியே தெரிந்தபின் நீக்கப்பட்டது. உயிரோடிருப்பவர் தம் பக்கத்தைத் தாமே கண்காணித்துப் புகார் செய்வார். இறந்தவருக்காகக் கண்காணிப்பது யார் என்ற கேள்விக்குச் செயலியின் உதவிப் பக்கத்தில் விடை இல்லை.

அனுமதியோடு செய்யப்படுவதை இதனோடு சேர்க்கக் கூடாது. 2024இல் ஏ.ஆர். ரகுமான் தம் பாட்டு ஒன்றில், மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அதே ஆண்டு ஜனவரி 25 அன்று மறைந்த பவதாரிணியின் குரலும் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜாவின் இசையில் அவ்வாறே ஒலித்தது. அந்தப் பாட்டுகளைக் கேட்பதா வேண்டாமா என்பது அவரவர் மனம். நான் செயலியிடம் கேட்பது ஒன்றைத்தான்: பெயர்ப் பட்டியலில் இந்தக் குரல் எப்படி வந்தது என்று ஒரு சொல் போடவேண்டும். பவதாரிணி பதிவுக்கூடத்தில் நின்று பாடிய பாட்டும், அவர் மறைந்தபின் உருவாக்கப்பட்ட பாட்டும், அவர் பெயரின் கீழ் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. இன்னும் இருபது ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒருவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிய வழியே இல்லை.

மாற்று வழிகள் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விருது விழாத் தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் வரும் அஞ்சலிப் பகுதியை நம்பவேண்டாம். 2024 பிப்ரவரியில் ஒரே நாளில் மூன்று கிராமி விருதுகள் வாங்கிய ஜாகிர் உசேனின் பெயர், அவர் மறைந்தபின் 2025 பிப்ரவரியில் நடந்த அதே விருது விழாவின் ஒளிபரப்பில் இடம்பெறவில்லை. 2022இல் லதா மங்கேஷ்கருக்கும் அதுவே நேர்ந்தது. 2017 ஆஸ்கர் விழாவில், மறைந்த ஆடை வடிவமைப்பாளர் ஜேனட் பேட்டர்சனின் பெயருக்கு மேலே, உயிரோடிருந்த தயாரிப்பாளர் ஜான் சாப்மனின் படத்தைக் காட்டினார்கள். மூன்று நிமிடத்துக்குள் ஓராண்டுச் சாவுகளை அடக்கினால் அப்படித்தான் ஆகும். நிறுவனங்கள் வெளியிடும் கனத்த பெட்டித் தொகுப்புகள் நல்லவை. ஆனால் அவை வர ஓரிரு ஆண்டாகும், பக்கவாத்தியக்காரர்களுக்கு வருவதே இல்லை. பழைய இசைத்தட்டு உறையின் பின்பக்கம்தான் இன்றும் எனக்குத் தெரிந்த சிறந்த அஞ்சலி ஆவணம். யார் தபலா, யார் தம்பூரா, எந்த ராகம், எங்கே பதிவு என்பதெல்லாம் ஒரு சாண் அட்டையில் அச்சாகியிருக்கும். செயலிகள் இசைத்தட்டின் முன்பக்கப் படத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, பின்பக்கத்தைக் குப்பையில் போட்டுவிட்டன.

ஆயினும் சந்தாவை நான் நிறுத்தவில்லை. ஒருவர் இறந்த இரவில் அவர் குரலைத் தேடி அலையாமல் உடனே கேட்க முடிவது பெரிய காரியம். அதற்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். அவர் யாரோடு சேர்ந்து என்ன செய்தார் என்பதைக் காட்டுவதற்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. முகப்புப் பக்கத்தின் அஞ்சலிப் பட்டியல்களை விட்டுவிட்டு, நீங்களே ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை.

ஜாகிர் உசேனுக்காக நான் அப்படித்தான் ஒன்று தயாரித்தேன். சிவகுமார் சர்மாவின் பதிவுகளில் தொடங்கி, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலுக்கு அவர் வாசித்தவை, 1970களில் ஜான் மெக்லாஃப்ளினோடும் வயலின் எல். சங்கரோடும் சேர்ந்து நடத்திய சக்தி குழுவின் பதிவுகள் என்று தேடிச் சேர்க்கச் சில வாரங்கள் பிடித்தன. பட்டியலின் விளக்கப் பெட்டியில் ஒவ்வொரு பதிவுக்கும் நேரே, உறையில் இருந்தபடி, உடன் வாசித்தவர்களின் பெயர்களைத் தட்டெழுதினேன். சேமித்துவிட்டு மறுநாள் திறந்தபோது, பெட்டிக்கு எழுத்து வரம்பு இருப்பதும், வரம்புக்கு மேற்பட்டதைச் செயலி சொல்லாமல் வெட்டிவிடுவதும் தெரிந்தது. என் குறிப்பு 'கடம்: விக்கு விநா' என்ற இடத்தில் நின்றுபோயிருந்தது. பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். 'கடம்: விக்கு விநாயக்ராம்' என்பது இப்போது இரண்டாவது பட்டியலின் முதல் வரி.